இரும்பு தாண்டிய இடம்

எங்க ஊருக்கு வர்ற பட்டணத்து ஆளுங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, எங்க முற்றத்துல வரிசையா வெச்சிருக்கிற ஜாடி, கிண்ணம் எல்லாம் பாத்ததும் கண்ணு விரியும். அப்புறம் வாயைத் திறப்பாங்க. "அம்மா, இதுல உங்க வீட்டுக்காரர் கையால பண்ணினது எது?"

எல்லாமும்தான். இல்லேன்னா எதுவுமே இல்ல. எதை வேணா திருப்பிப் பாருங்க, அடியில பேர் இருக்காது. எங்க ஊரு ஹினோகுபோவுல யாரும் பேர் போடுறதில்ல. ஒரே மலை மண்ணு, ஒரே ஓடைத் தண்ணி, ஊருக்கே ஒரே சூளை. இதுல என் பேர், உன் பேர்னு என்ன வேண்டியிருக்கு?

முன்னெல்லாம் இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். இப்ப யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டா, "சாமான் வேணும்னா எடுங்க, இல்லேன்னா வழியை விடுங்க"ன்னு உள்ள போயிடுறேன். பக்கத்து வீட்டு ஒதோவா அக்கா திட்டுறா. "வியாபாரம் பண்ற வாயா இது, மசுனோ?" அவளுக்குத் தெரியும் நான் ஏன் உள்ள போறேன்னு. தெரிஞ்சும் திட்டுறா, அது அவ பாசம்.

பேர் போடாத விஷயத்துல எங்க வீட்டு ஆளு கனேகிச்சிக்கு இருக்கிற வீம்பு ஊருல வேற யாருக்கும் கிடையாது. ஒரு தடவை டோக்கியோவுல இருந்து கண்காட்சி நடத்துற ஒருத்தர் கோட்டு சூட்டெல்லாம் போட்டு வந்தாரு. ஒரு சோத்துக் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் என்னென்னமோ பேசினாரு. கடைசியில தூரிகையும் மையும் எடுத்து நீட்டி, இதுக்கு ஒரு மரப்பெட்டி பண்ணிட்டேன், அதுமேல உங்க பேரை எழுதிக் குடுங்கன்னாரு. இவர் சக்கரத்தை நிறுத்தவே இல்ல. "சோத்துக் கிண்ணத்துல எம்பேர் எதுக்குய்யா? சாப்பிடுறவன் தன் பேரைப் போட்டுக்கட்டும்." வந்தவரு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. உள்ள இன்னொரு சக்கரத்துல உக்காந்திருந்த எங்க பையன் இசாமு, சிரிப்பை அடக்க முடியாம களிமண்ணுல மூக்கை வெச்சு அமுக்கிக்கிட்டான்.

இசாமு எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்க ஊர் வழக்கப்படி ஒரு வீட்டுக்கு ரெண்டு சக்கரம்தான். ஒண்ணு அப்பனுக்கு, ஒண்ணு மகனுக்கு. எங்க வீட்டு ரெண்டு சக்கரமும் எதிரும் புதிருமா இருக்கும். ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நாள் முழுக்க உதைச்சுச் சுத்துவாங்க. ஆனா பேச்சு கிடையாது. பேசினா திட்டுதான். கழுத்து தடிச்சுப் போச்சு, வாய் கோணிக்கிச்சு, கவனம் எங்க இருக்கு. நல்லா வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒண்ணும் சொல்லாததுதான் பாராட்டுன்னு வெச்சுக்கணும். பாவம், என் பிள்ளை அப்படியேதான் வெச்சுக்கிட்டான். "இன்னைக்கு அப்பா ஒண்ணுமே சொல்லலம்மா. ரொம்பப் புகழ்ந்துட்டாரு"ம்பான் சோறு சாப்பிடும்போது.

என் வேலை மண்ணோட. மலையில வெட்டிக் கொண்டாற மண்ணை ஓடைத் தண்ணி இடிச்சுக் குடுத்துடும். பெரிய மரத்தோட ஒரு முனையில தொட்டி, மறுமுனையில உலக்கை. தொட்டி நிறைஞ்சா தாழும், கொட்டும், உலக்கை தொம்முனு மண்ணுமேல விழும். ராத்திரி பகல் அந்தச் சத்தம்தான் ஊரு. இடிச்ச மண்ணைக் கரைச்சு, வடிகட்டி, காய வெச்சு, பிசைஞ்சு குடுக்கிறது நான். அவங்க வனைஞ்சு பலகையில வெச்சதைத் தூக்கிட்டுப் போயி வெயில்ல வெக்கிறதும் நான். வெக்கிறதுக்கு முன்னாடி ஈரத் துணியால ஒவ்வொண்ணோட அடியையும் ஒரு சுத்து துடைக்கணும்.

இந்தத் துடைக்கிற வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கனேகிச்சி ஜாடியைச் சக்கரத்துல இருந்து தூக்குறப்போ ரெண்டு உள்ளங்கையும் ஏந்தின மாதிரி போகும். ஒரு விரல் தடம் விழாது. இசாமு எல்லாத்தையும் அப்பனை மாதிரியே கத்துக்கிட்டான், தூக்குறதை மட்டும் கத்துக்கவே இல்ல. அவன் தூக்கினா வலது கைக் கட்டைவிரல் அடிப்பக்கம் அமுங்கிடும். சின்னப் பள்ளம். உத்துப் பாத்தா ரேகைகூடத் தெரியும். அப்பன் மட்டும் பாத்திருந்தா வீட்டை ரெண்டாக்கியிருப்பாரு. "ஊருக்கெல்லாம் உன் விரலைக் காட்டணுமா?"ன்னு கத்தியிருப்பாரு. அதனால அவர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி நான் ஈரத் துணியால தேச்சு, விரலால இழுத்து, பள்ளம் இருந்த இடமே தெரியாம பண்ணிடுவேன். வருஷக்கணக்கா பண்ணேன். அந்த வேலையில எனக்கு நல்ல கை.

இசாமுக்கு அது ஒரு விளையாட்டு. சாயங்காலம் கை கால் கழுவிட்டு வந்து கேப்பான். "அம்மா, என்னைத் துடைச்சாச்சா?"

"துடைச்சாச்சுடா. உன் மூஞ்சி மட்டும்தான் பாக்கி."

உண்மையிலயே மூஞ்சி பூரா மண்ணா இருக்கும். அதே துணியால கன்னத்துல ஒரு இழுப்பு இழுப்பேன், அவன் கத்திக்கிட்டு ஓடுவான். இருபத்தாறு வயசு ஆளு, பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தோம்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு வியாபாரி, உமேங்கிற புளிப்புக் காயை ஊறுகாய் போடுற ஜாடி கேட்டிருந்தாரு. மூடி போட்டது, மடியில வெச்சுக்கிற அளவு. பேரு குசானோ, ஃபுக்குவோக்காவுல கடை. அப்பனும் மகனும் சேர்ந்தே அந்த ஜாடிங்களை வனைஞ்சாங்க. வனைஞ்சது பாதி காஞ்சதும் அதுமேல வெள்ளை மண் பூசி, மறுபடி சக்கரத்துல வெச்சு, பழைய கடிகாரத்து ஸ்பிரிங்கை வளைச்சுப் பண்ணின இரும்பைப் பக்கத்துல பிடிப்பாங்க. சக்கரம் சுத்தச் சுத்த இரும்பு துள்ளித் துள்ளிக் கொத்தும். ஜாடி பூரா சின்னச் சின்னக் கொத்து வரிசை வரிசையா விழும். கை ஒரு நூல் அசைஞ்சாலும் இரும்பு ஒரு இடத்தைத் தாண்டிடும், அங்க வெறுமையா நிக்கும். கனேகிச்சிக்கு அது தாண்டவே தாண்டாதுன்னு பேரு. அவரே சொல்லிக்குவாரு.

ஆனா அன்னைக்குத் தாண்டிச்சு. நான் பலகை எடுக்க வந்து வாசல்ல நின்னேன், என் கண்ணால பாத்தேன். ஒரு ஜாடியோட தோளுக்கு வர்றப்போ, அச்சுனு ஒரு தும்மல். வெள்ளை மண்ணு தூசி மூக்குல ஏறியிருக்கும். கொத்து வரிசையில நகக்கண் அளவுக்கு ஒரு இடைவெளி விழுந்துடுச்சு.

இசாமு கை தட்டிச் சிரிச்சான். "அப்பா! உங்க கையெழுத்து விழுந்துடுச்சு! டோக்கியோக்காரரைக் கூப்பிடுங்க, பெட்டி கொண்டுவரச் சொல்லுங்க!"

"வாயை மூடுறா." அந்த ஜாடியை அப்படியே கரைசல் தொட்டியில போட எடுத்தாரு. நான்தான் உள்ள போயி கையில இருந்து பிடுங்கினேன். "நல்ல ஜாடிங்க. ஊறுகாய் என்ன கொத்தை எண்ணிப் பாக்கவா போகுது? சோறு ஆறுது, வாங்க." முணுமுணுத்துக்கிட்டே எழுந்தாரு. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள மறந்தும் போயிட்டாரு. எங்க வீட்டு ஆளுக்கு அடுத்தவன் தப்பு பத்து வருஷம் ஞாபகம் இருக்கும். தன் தப்பு ஒரு வேளைச் சோத்துக்குத் தாங்காது.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மழை விட்டுச்சு. ஊரு ஆம்பளைங்க எல்லாம் மண்ணு வெட்ட மலைக்குப் போனாங்க. மண்ணு எப்பவும் சேர்ந்துதான் வெட்டுவோம், சேர்ந்துதான் பங்கு போடுவோம். காலையில கிளம்பும்போது இசாமு முற்றத்துல ஜாடிங்களைக் காட்டி, "என்னைத் துடைச்சாச்சா?"ன்னான். நான் முதல் நாளே எல்லாத்தையும் துடைச்சு, அன்னைக்கு விடிஞ்சதும் வெயிலுக்கு எடுத்து வெச்சிருந்தேன். "எல்லாம் துடைச்சாச்சு, போடா, மண்ணு வெட்டுற வழியைப் பாரு"ன்னேன். அவ்வளவுதான். அதுதான் நான் அவன்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. மூஞ்சியைப் பாத்துச் சொன்னேனான்னுகூட ஞாபகம் இல்ல.

மழையில ஊறியிருந்த மண்ணு மேல இருந்து இறங்கிடுச்சு. மத்தவங்கள்லாம் தள்ளி நின்னாங்க, இவன் அடியில நின்னு கூடையில அள்ளிக்கிட்டிருந்தான். கனேகிச்சி கொஞ்சம் கீழ லாரியில மண்ணைச் சமன் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. சத்தம் கேட்டு எல்லாரும் கையால தோண்டினாங்க. மம்பட்டி போட்டா எங்க பட்டுடுமோன்னு கையாலயே தோண்டினாங்க. எடுத்தப்போ உடம்புல ஒரு காயமில்ல. மூஞ்சி பூரா மண்ணு.

ஊரே உலக்கையை நிறுத்திச்சு. தொட்டிக்குத் தண்ணி போற வழியை அடைச்சுட்டாங்க. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தம் நின்னு நான் பாத்ததில்ல. ஐயோ, அந்த அமைதி இருக்கே, அதுதான் என்னைக் கொன்னுச்சு.

எரிச்சு முடிச்சு, குச்சியால எலும்பை எடுத்து, சுடுகாட்டுல குடுத்த வெள்ளை ஜாடியில போட்டு, வெள்ளைத் துணியில கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எங்க பக்கம் எலும்பை முழுசா எடுக்க மாட்டோம், முக்கியமானது கொஞ்சம்தான். வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னாடி வெச்சோம். நாப்பத்தொன்பதாம் நாள் கல்லறையில இறக்கணும். அதுவரைக்கும் வீட்டுலதான் இருப்பான்.

கனேகிச்சி அந்தத் துணியை விலக்கி ஜாடியைத் தொட்டுப் பாத்தாரு. வழவழன்னு, அச்சுல வார்த்தது.

"என்ன இது?"

"அங்க குடுத்ததுங்க. எல்லாருக்கும் குடுக்கிறதுதானே."

"ஃபேக்டரி சாமான்." கையை இழுத்துக்கிட்டாரு. "குயவன்டி அவன். அவனை ஃபேக்டரி சாமான்ல போட்டு மூடவா? அவன் வனைஞ்ச ஜாடியிலதான் அவன் போவான். கடைசியா வனைஞ்சானே, அதுல."

எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கோயில் பிக்குவைக் கேட்டோம், மூடி இருந்தா போதும்னாரு. ஊர்ச் சூளையில எங்க வீட்டு முறையும் நாப்பத்தொன்பதாம் நாளைக்கு முன்னாடியே வருது. ஜாடிங்கள்லாம் காஞ்சு உள்ள அடுக்கி இருக்கு. அப்பனுக்கும் மகனுக்கும் தனித்தனிப் பலகை, அவன் பலகையில இருந்து ஒண்ணை எடுத்துச் சுட வேண்டியதுதானேன்னு போனா, ஒதோவா அக்கா வாசல்ல வந்து நின்னா. அழுது அழுது கண்ணு வீங்கியிருந்துச்சு.

"மசுனோ, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அன்னைக்கு நீங்க மலைக்கு ஓடினதும் மழை வந்துடுச்சு. முற்றத்துல இருந்த ஜாடிங்க கரைஞ்சு போயிடுமேன்னு நானும் மருமகளும் ஓடி வந்து உள்ள எடுத்து வெச்சோம். கைக்குக் கிடைச்சதைக் கிடைச்ச பலகையில வெச்சோம். உங்க ஆளுது எது, பையனுது எதுன்னு பாக்கவே இல்லடி. எதுக்குப் பாக்கணும்? எந்த வீட்டுல யாரு பாத்திருக்கா?"

சரிதானே. எங்க ஊருல யாரு பாத்திருக்கா? நானா இருந்தாலும் அப்படித்தான் அடுக்கியிருப்பேன்.

கனேகிச்சி அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. "நனையாம காப்பாத்தினீங்களே அக்கா, அது போதும்"னாரு. அவ போனதும் என்கிட்ட, "என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா? சுட்டு எடுத்தா பளிச்சுனு தெரியும்"னாரு. சொன்ன விதத்துல பயம் இருந்துச்சு.

எல்லாத்தையும் சுட்டோம். ஊரு ஆளுங்கதான் விறகு போட்டாங்க, எங்களை உக்காரச் சொல்லிட்டாங்க. சூளை ஆறினதும் ஜாடிங்களை முற்றத்துல கொண்டாந்து வெச்சோம். அடடா, அந்தத் தடவை மாதிரி ஒரு சூளை எங்களுக்கு வந்ததே இல்ல. ஒரு விரிசல் இல்ல, ஒண்ணுகூடக் கோணல் இல்ல. கனேகிச்சி நடுவுல பாயைப் போட்டு உக்காந்தாரு. ஒவ்வொண்ணா எடுத்தாரு. தட்டிப் பாத்தாரு. உள்ள கையை விட்டு விரலால தடவிப் பாத்தாரு. கழுத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாரு. ஒண்ணைத் தனியா வெப்பாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அதை எடுத்து மறுபடியும் கூட்டத்துல சேர்த்துடுவாரு.

அப்படியே நாள் போச்சு. சாப்பாடு இறங்கல அவருக்கு. பையன் போனதுல இருந்தே ரெண்டு கவளம்தான், இப்ப அதுவும் இல்ல. மிசோ சூப்பு ஆறி ஏடு கட்டிப் போகும். ஒதோவா அக்கா வீட்டுக்காரர் உதவி பண்றேன்னு வந்து உக்காந்து, ரொம்ப நேரம் யோசிச்சு, "கனே, சத்தியமா இதுதான் உன் பையனுது"ன்னு ஒண்ணைத் தூக்கிக் காட்டினாரு. அது போன தடவை அவரு வீட்டு முறையில சுட்டு எங்ககிட்ட இரவல் வந்த ஜாடி. வேற நாளா இருந்தா ஊரே ஒரு மாசம் சிரிச்சிருக்கும். அன்னைக்கு யாரும் சிரிக்கல.

ஒரு சாயங்காலம் டீ எடுத்துக்கிட்டுப் போனேன். ஜாடிங்க நடுவுல தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"மசுனோ, நான் இவனை என்ன பண்ணி வெச்சிருக்கேன் பாத்தியா? கழுத்து தடிச்சா திட்டினேன். வாய் கோணினா திட்டினேன். என்னை மாதிரி வர்ற வரைக்கும் திட்டினேன். வந்துட்டான். இப்ப இதுல எல்லாம் நான்தான் இருக்கேன். அவன் எங்கடி?"

நாப்பது வருஷமா யாரு பண்ணினா என்னன்னு ஊருக்கு உபதேசம் பண்ணின ஆளு. அவரு அழுததை என்னால தாங்க முடியல.

"நீ சொல்லு," என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சாரு. "ஒவ்வொண்ணையும் தொட்டவ நீதானே. உனக்குத் தெரியும். எது அவனுது?"

நான் ஒரு ஜாடியை எடுத்தேன். கவுத்தேன். வலது பக்கம், அடியில, கட்டைவிரல் அமுங்கிற இடத்துல என் விரலை வெச்சுத் தேச்சுப் பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். எல்லாத்தையும் எடுத்தேன். எதுலயாச்சும், ஒண்ணே ஒண்ணுலயாச்சும், துணி சரியா படாம, சோம்பேறித்தனமா விட்டிருக்க மாட்டேனான்னு தேடினேன். படுபாவி, ஒண்ணுல கூட விடல. என் கையாலயே எல்லாத்தையும் துடைச்சிருக்கேன். அடிச்சுக்கிட்டு அழுதேன். அவர் கட்டைவிரல் கதையே தெரியாத மனுஷன், நான் ஏன் ஜாடியோட அடியைத் தடவித் தடவி அழறேன்னு புரியாம என் முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தாரு.

அடுத்த நாள் காலையில நான் சமையல்கட்டுல அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். "மசுனோ! மசுனோ, இங்க வா!"ன்னு ஒரு சத்தம். எத்தனையோ நாளா கேக்காத குரல். ஈரக்கையோட ஓடினேன்.

ஒரு ஜாடியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு.

"கிடைச்சுட்டான். இங்க பாரு, தோள்ல. இரும்பு தாண்டியிருக்கு பாரு. கவனமில்லாத பய! நான் இங்க இருக்கேன்னு காட்டியிருக்கான் பாரு. எனக்கு என்னைக்காவது இரும்பு தாண்டியிருக்கா? நீயே சொல்லு. இது அவன்தான்."

பாத்தேன். நகக்கண் அளவு இடைவெளி. அந்தத் தும்மல் என் காதுல கேட்டுச்சு. இசாமு கை தட்டினது கேட்டுச்சு. உங்க கையெழுத்து விழுந்துடுச்சுப்பா. நான் பிடுங்கிக் காப்பாத்தின அதே ஜாடி.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? மறுபடியும் அந்தப் பாய்ல உக்காருவாரு. நாப்பத்தொன்பதாம் நாள் வந்துடும், அதுக்கப்புறமும் உக்காந்திருப்பாரு, சாகுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. அவனைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் மிச்சமில்லன்னு எனக்குத்தானே தெரியும். அந்த வழியைத் துடைச்சவளே நான்தானே.

"ஆமாங்க"ன்னேன். "அவனேதான்."

"அவனேதான்"னாரு. அந்தத் தோளைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருந்தாரு. அன்னைக்கு ஒரு கிண்ணம் சோறு முழுசா சாப்பிட்டாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னு கிண்ணத்தை நீட்டினாரு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு போட்டேன்.

எலும்பை ஜாடி மாத்தினோம். குசானோ லாரி எடுத்துக்கிட்டு வந்தாரு. அவருக்கு விஷயம் தெரியும், தலை குனிஞ்சு வணங்கினாரு. "மிச்சத்தையெல்லாம் குடுத்து அனுப்பு. சொன்ன வாக்கு"ன்னாரு கனேகிச்சி.

"ஒண்ணு வீட்டுக்கு வெச்சுக்கலாங்க. உமே போட."

"நல்ல சாமானை வீட்டுல வெக்கிற வழக்கம் எங்க இருக்கு? விரிசல் விட்டது ஏதாவது இருந்தா வெச்சுக்கோ."

எங்க ஊருல அப்படித்தான். குயவன் வீட்டுல ஒழுகினதும் கோணினதும்தான் இருக்கும். நல்லது வெளிய போகும். அந்தச் சூளையில ஒண்ணுகூட விரிசல் விடல. அதுக்கு மேல நான் வற்புறுத்தினா ஏன்னு கேப்பாரு. நான் ஏன்னு சொல்லணும்.

வைக்கோல்ல சுத்திக் கட்டுறதும் என் வேலைதான். உக்காந்து ஒவ்வொண்ணா சுத்தினேன். இதுல பாதி என் பிள்ளை. எந்தப் பாதின்னு தெரியாது. ஒவ்வொண்ணையும் மடியில வெச்சு, அடியில ஒரு தடவை விரலை ஓட்டி, வைக்கோல் சுத்தி, குசானோ கையில குடுத்தேன். எல்லாத்தையும் என் பிள்ளைன்னே நெனச்சுக் குடுத்தேன். வேற எப்படிக் குடுக்கிறது? லாரி பாலத்தைத் தாண்டிப் போற வரைக்கும் நின்னு பாத்தேன். அவன் வீட்டை விட்டுப் போனது அன்னைக்குத்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாப்பத்தொன்பதாம் நாள் வெயில் கொளுத்திச்சு. கல்லறைக் கல்லை நகத்தினாங்க. பிக்கு மந்திரம் சொன்னாரு. கனேகிச்சி யார் கையிலயும் குடுக்காம தானே மண்டியிட்டு ஜாடியை உள்ள இறக்கினாரு, சக்கரத்துல இருந்து தூக்குற மாதிரி, ரெண்டு உள்ளங்கையும் ஏந்தி. இறக்கிட்டு எழுந்திரிக்கல. உள்ள குனிஞ்சு பேசினாரு. மெதுவாத்தான் பேசினாரு, பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு.

"நல்ல ஜாடிடா இது. கழுத்து நல்லா வந்திருக்கு. வாய் நல்லா வந்திருக்கு. இரும்பு ஒரு இடத்துல தாண்டினா என்ன, பரவால்ல. நான் உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நல்லா பண்ணியிருக்கடா இசாமு."

என் பிள்ளை உயிரோட இருந்த காலத்துல இதுல கால்வாசி கேட்டிருந்தா சோறு தண்ணி இல்லாம ஆடியிருப்பான். அத்தனையும் அவரு தன் ஜாடிக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. என் பிள்ளையோட ஜாடிங்க ஃபுக்குவோக்காவுல ஏதோ கடைத் தட்டுல உக்காந்திருந்துச்சு. ஒதோவா அக்கா என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. கல்லை மூடினாங்க.

மறுநாள் தண்ணி வழியைத் திறந்து விட்டாங்க, உலக்கை எல்லாம் மறுபடியும் இடிக்க ஆரம்பிச்சுச்சு. எங்க பங்குக்கு வந்தது அந்த மலையில அன்னைக்கு இறங்கின மண்ணுதான். வேற மண்ணு எங்க இருக்கு? கரைச்சேன், வடிகட்டினேன், பிசைஞ்சு குடுத்தேன். கனேகிச்சி சக்கரத்துல உக்காந்தாரு. எதிர்ச் சக்கரத்து மேல ஒரு துணி போட்டு மூடியிருந்துச்சு, அதைப் பாக்காம வனைஞ்சாரு. பழையபடி நல்லா வந்துச்சு. சாயங்காலம் பலகையை என் பக்கம் நகத்தினாரு.

நான் துணியை நனைச்சுப் பிழிஞ்சுக்கிட்டு உக்காந்தேன். முதல் ஜாடியைச் சாய்ச்சு, அடியில வலது பக்கம் துணியை வெச்சேன். அவரு ஜாடியில துடைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது.